வாரம் நாலு பக்கம் படக்கதைக்கு ஒதுக்குங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜப்பானிய அனிமேஷன் தொடர்களை உலகமெங்கும் விநியோகிக்கும் நிறுவனங்கள் இப்போது சொந்தமாகத் தயாரிக்கவும் இறங்கிவிட்டன என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரை. ஆனால், நம் பிள்ளைகளுக்கு இனி இன்னும் நிறையத் தொடர்கள் தமிழில் கிடைக்கும் என்று சொல்லி அங்கேயே முடித்துவிட்டீர்கள். எனக்குப் பேச வேண்டியது அதற்கப்புறம்தான் இருக்கிறது. நான் பெரம்பூரில் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். அதற்கு முன் சில வருடங்கள் அனிமேஷன் ஸ்டுடியோவில் வரைந்தவள்.

விநியோகஸ்தர் தயாரிப்பாளர் ஆவது சென்னைக்குத் தெரியாத சங்கதியா? எஸ்.எஸ்.வாசன் முதலில் படங்களை வாங்கி விநியோகம்தான் செய்துகொண்டிருந்தார். ஜெமினி ஸ்டுடியோ பிறகு வந்தது. ஏவி.மெய்யப்பச் செட்டியார் இசைத்தட்டு வியாபாரத்திலிருந்து வந்தவர். 1935-ல் 'அல்லி அர்ஜுனா'வை எடுத்தார். 1944-ல் கன்னட 'ஹரிச்சந்திரா'வைத் தமிழில் டப்பிங் செய்து வெளியிட்டவரும் அவரே. அடுத்தவர் எடுத்த படத்தை விற்று விற்று, ஜனங்கள் எதற்குக் காசு கொடுக்கிறார்கள் என்பது இவர்களுக்குக் கைரேகை மாதிரி தெரிந்துவிடுகிறது. கூடவே, உரிமைக் காலம் முடிந்ததும் படம் கையைவிட்டுப் போகும், அடுத்த தடவை இன்னொருவர் விலையை ஏற்றிவிடுவார் என்பதும் தெரிகிறது. எத்தனை நாள்தான் வாடகை வீட்டுக்கு வெள்ளையடிப்பது?

ஜப்பானிய அனிமேஷன் தொடர்களை இணையத்தில் காட்டும் க்ரஞ்சிரோல் நிறுவனம் வந்த வழியும் அதுதான். 2006-ல் ஆரம்பித்தபோது ரசிகர்கள் அனுமதியில்லாமல் ஏற்றிய தொடர்கள்தான் அதில் இருந்தன. 2009-ல் அவற்றையெல்லாம் நீக்கிவிட்டு, முறையாக உரிமை வாங்கிக் காட்டத் தொடங்கினார்கள். 2020 பிப்ரவரியில் 'ஒரிஜினல்ஸ்' என்ற பெயரில் தங்கள் சொந்தத் தொடர்களை அறிவித்தார்கள். அந்த வருடமே ஏப்ரலில் 'டவர் ஆஃப் காட்', ஜூலையில் 'தி காட் ஆஃப் ஹைஸ்கூல்', அக்டோபரில் 'நோப்ளஸ்'. மூன்றையும் வரைந்து உயிர் கொடுத்தவை ஜப்பானிய ஸ்டுடியோக்கள். ஆனால் மூன்று கதைகளும் கொரியாவிலிருந்து வந்தவை, ஃபோனில் மேலிருந்து கீழே தள்ளிப் படிக்கும் வெப்டூன் படக்கதைகள்.

ஏன் கொரியா? அவர்களிடம் கதை தயாராக இருந்தது. 'நோப்ளஸ்' 2007-ல் தொடங்கி 2019 வரை ஓடியது. 'டவர் ஆஃப் காட்' 2010-ல் தொடங்கியது. வாரா வாரம் வரைந்து, வாரா வாரம் வாசகர்களைச் சேர்த்து வந்த கதைகள். தயாரிக்க வருகிறவருக்குப் பாத்திரங்களின் முகம் தெரியும், உடை தெரியும், எந்த இடத்தில் வாசகர் மூச்சைப் பிடித்துக்கொண்டார் என்பதுகூடத் தெரியும். பணத்தைப் போட அதைவிட வேறென்ன வேண்டும்?

அந்த மூன்றும் அப்பழுக்கில்லாமல் வந்தன என்று நான் சொல்லமாட்டேன். அந்த வருடம் ஒவ்வொன்றுக்கும் 13 அத்தியாயம்தான். 'தி காட் ஆஃப் ஹைஸ்கூல்' சண்டைகளை வரைந்த கைகளைக் கும்பிடலாம், ஆனால் கதை மூச்சிறைக்க ஓடுகிறது. 'டவர் ஆஃப் காட்' எனக்குப் பிடித்தது. மூலப் படக்கதையின் கரடுமுரடான தடித்த கோட்டை மழுக்காமல் அப்படியே வைத்திருக்கிறார்கள். வரைகிறவருக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது.

சரி, நம்மிடம் என்ன இருக்கிறது? யாரைக் கேட்டாலும் பாரதம், ராமாயணம், சோழர் கதை என்பார்கள். அவை யாருக்கும் பொதுவானவை, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். 1993-ல் ராமாயணத்தை அனிமேஷனாக எடுக்க முன்னால் நின்றவர் யூகோ சாகோ என்ற ஜப்பானியர். நம் ஊர் அனிமேஷன் முன்னோடி ராம் மோகன் அவரோடு நின்றார். 2025 ஜனவரியில் அது தமிழிலும் தியேட்டருக்கு வந்தபோது நானும் போய்ப் பார்த்தேன், கண் நிறைந்தது. ஆனால் புதிதாக ஒருவர் யோசித்து, புதிதாக ஒருவர் வரைந்து, வாரா வாரம் வாசகரைக் காக்கவைக்கிற தமிழ்ப் படக்கதை இன்று எத்தனை இருக்கிறது?

ஒரு காலத்தில் இருந்தது, ஆசிரியரே. 1947-ல் இந்த ஊரிலிருந்து வர ஆரம்பித்தது 'அம்புலிமாமா'. அதில் ஓவியர் சங்கர் வரைந்த வேதாளம் விக்கிரமனின் தோளில் தொங்கும் படத்தை எத்தனை பேர் சிலேட்டில் வரைந்து பார்த்திருப்போம்! 'தினத்தந்தி'யில் 1960-ல் தொடங்கியது 'கன்னித்தீவு'. வாண்டுமாமா எழுத, செல்லம் வரைய வந்த கதைகளை நான் பைண்டு செய்து வைத்திருக்கிறேன். 1972-ல் முத்து காமிக்ஸ் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவி பிரிட்டிஷ்காரர் என்பதே எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. பிறகு வாரப் பத்திரிகைகளில் படக்கதை ஒரு பக்கமாகி, அரைப் பக்கமாகி, காணாமலே போய்விட்டது.

வரைய ஆளில்லை என்றால் நம்பாதீர்கள். 2000-லேயே 'பாண்டவாஸ்' என்ற முழுநீள அனிமேஷன் படத்தை எடுத்தது சென்னையின் பென்டாமீடியா. கையால் வரையும் வேலையும் இங்கே இருந்தது. எழும்பூர் அரசு கவின்கலைக் கல்லூரியில் படித்துவிட்டு நான் போய்ச் சேர்ந்தது அப்படி ஓர் இடத்தில்தான். வெளிநாட்டுத் தொடருக்கு இன்-பிட்வீன், அதாவது ஓர் அசைவின் முக்கிய நிலைகளுக்கு இடையில் வரும் படங்களை, வரையும் வேலை. அந்த முக்கிய நிலைகளின் கீ ஓவியங்கள் அங்கிருந்து வரும், 1-ம் எண்ணும் 5-ம் எண்ணும். முதலில் நடுவில் உள்ள 3-ஐ வரைய வேண்டும். அப்புறம் 2, 4. தாளுக்கு அடியில் விளக்கெரியும் லைட் பாக்ஸின் சூடு முழங்கைக்கு ஏறும். ஐந்து தாளையும் விரலிடுக்கில் வைத்துப் புரட்டினால் குதிரை முன்னங்காலை மடக்கி நீட்ட வேண்டும். கோடு ஒரு நூல் நகர்ந்திருந்தாலும் கால் நடுங்கும், தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி வரைய வேண்டும். ஒருமுறை அந்தக் குதிரையோடு ஒன்பது நாள் இருந்தேன். அது எந்தக் கதையில் வருகிறது, யார் ஏறிப் போகிறார், எங்கே போகிறார், எதுவும் எங்களுக்குத் தெரியாது. ஃபோல்டரில் ஸீன் எண் மட்டும் இருக்கும். படத்தில் எங்கள் யார் பெயரும் வரவில்லை.

இதோடு ஒன்றை வைத்துப் பார்க்கிறேன். இப்போது தமிழிலும் பேசுகிற 'சோலோ லெவலிங்' தொடர் ஒரு கொரியக் கதையிலிருந்து வந்தது. அதன் படக்கதையை வரைந்த ஜாங் சங்-ராக் 2022-ல் இறந்துபோனார். தொடர் 2024 ஜனவரியில்தான் வெளிவந்தது. அவர் பார்க்கவில்லை. ஆனாலும் டுபு என்ற அவருடைய புனைபெயர் மூலப்படைப்பாளிகள் வரிசையில் வருகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் தொண்டை அடைக்கிறது.

2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்' என்ற ஜப்பானிய அனிமேஷன் படம் தமிழில் வந்தபோது என் வகுப்புப் பிள்ளைகள் ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். படம் முடிந்து விளக்குப் போட்ட பிறகும் ஏழு பேரும் எழுந்திருக்கவில்லை. ஜப்பானிய எழுத்தில் பெயர்கள் ஓடுகின்றன, ஒருவருக்கும் படிக்கத் தெரியாது. "மிஸ், இதெல்லாம் வரைஞ்சவங்க பேரா?" என்று கேட்டான் ஒன்பதாவது படிக்கும் ஒரு பையன். ஆமாம் என்றேன். கடைசிவரை பார்த்துவிட்டுத்தான் வந்தான்.

அந்தப் பையன் காசிமேட்டில் இருந்து வருகிறான். ஜப்பானியப் படக்கதைக் கண்களாகவே வரைந்துகொண்டிருந்தவனிடம், உனக்குத் தெரிந்த ஓர் இடத்தை வரை என்றேன். மாமாவின் ஃபைபர் படகை வரைந்து வந்தான். ராத்திரி இரண்டு மணி, எஞ்சின் நின்றுவிட்டது. ஒரு கட்டம் முழுக்க இருட்டு, நடுவில் டார்ச் வெளிச்சத்தில் மாமாவின் கை மட்டும். அடுத்த கட்டத்தில் வலைக்கு அடியில் ஏதோ வெள்ளையாக அசைகிறது. பக்கவாட்டில் 'சளார்' என்று அவன் எழுதியிருந்த எழுத்தே நனைந்த மாதிரி இருந்தது. அதென்ன வெள்ளை என்று கேட்டேன். அடுத்த வாரம் சொல்கிறேன் என்றான். வகுப்பில் மற்ற பிள்ளைகள் ஒரு வாரம் அவனைத் துளைத்தெடுத்துவிட்டார்கள். கொரியாவில் பத்து வருடம் நடந்ததன் முதல் வாரம் இப்படித்தானே இருந்திருக்கும்?

அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். வாரம் நாலு பக்கம் படக்கதைக்கு ஒதுக்குங்கள். புதியவர்கள் எழுதி, புதியவர்கள் வரைந்த கதைகள். போட்டி, ஆறுதல் பரிசு என்று ஒரு வாரத்தோடு முடித்துவிடாமல், ஒரு கதைக்குக் குறைந்தது ஒரு வருடம் இடம் கொடுங்கள். அச்சுச் செலவு கையைக் கடித்தால் உங்கள் செயலியில் ஃபோனுக்கு ஏற்ற மாதிரி போடுங்கள், கொரியர்களும் அப்படித்தான் வளர்ந்தார்கள்.

இன்னொன்று, அதைவிட முக்கியமானது. உரிமையை வரைந்தவரிடமே விடுங்கள். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, பத்திரிகையில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் பத்திரிகைக்காக வரைந்ததில்கூட, அதைப் பத்திரிகைகளில் வெளியிடும் உரிமை மட்டுமே உரிமையாளருக்குப் போகிறது, மற்றது படைத்தவருக்கே என்கிறது நம் 1957-ம் வருடப் பதிப்புரிமைச் சட்டம். உரிமையை எழுதிக் கொடுக்கும்போது எத்தனை காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றுதான் அது எடுத்துக்கொள்கிறது. அவசரத்தில் நீட்டுகிற ஒரு தாளில் "அனைத்து உரிமைகளும், எக்காலத்துக்கும்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டால் இதெல்லாம் போச்சு. நாளைக்கு ஒரு நிறுவனம் கதை தேடி இந்த ஊருக்கு வரும்போது, வரைந்த பிள்ளை மேஜைக்கு எதிரே உட்கார்ந்து பேச வேண்டும். என்னைப் போல ஸீன் எண் போட்ட ஃபோல்டரை வாங்கிக்கொண்டு போகக் கூடாது.

காசிமேட்டுப் பையன் எட்டுப் பக்கம் முடித்து வைத்திருக்கிறான். மை காய்ந்துவிட்டது, என் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. உங்கள் அலுவலகத்துக்கு எப்போது கொண்டுவரலாம் என்று சொன்னால், அவனையும் அவன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். அவனுக்குப் பள்ளி இருக்கிறது, சனிக்கிழமையாக இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓவிய ஆசிரியை,
பெரம்பூர், சென்னை - 11.