மே மாதக் கல்லாவைப் பார்த்துக் கடை போடும் பிள்ளைகளுக்காக

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குன்னூரில் முப்பது வருடங்களாக விறகடுப்பில் வர்க்கி, அதாவது டீயோடு தின்கிற மொறுமொறுப்பான அடுக்குப் பண்டம், சுட்டு விற்கிறேன். காலையில் இரண்டாவது தட்டு அடுப்பிலிருந்து இறங்கியதும் டீயோடு உங்கள் நாளிதழைப் பிரிப்பது வழக்கம். சில மாதங்களாக ஞாயிறு இணைப்பில் வெற்றிக்கான மனநிலை, ஜெயித்தவர்களின் பழக்கங்கள் என்று கட்டுரைகள் வருகின்றன. ஒன்று விடாமல் படித்தேன். நல்ல எண்ணத்தோடு எழுதியவைதான். ஆனால் அதில் முக்கியமான ஒன்று விடுபட்டுக்கொண்டே வருகிறது. அது தெரியாமல் போனதால் எங்கள் வீட்டுப் பிள்ளை ஒருவன் நொந்துபோனான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அவன் என் அக்கா மகன். வயது இருபத்தேழு. 2023 தீபாவளிக்கு முன்னால் ஊட்டியில் ஹோம்மேட் சாக்லேட், டீத்தூள், நீலகிரித் தைலம் விற்கும் கடை ஒன்றைத் திறந்தான். அதற்கு முன் கோவையில் மூன்று நாள் பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டிப் போய்வந்தான். திரும்பி வந்ததிலிருந்து காலை ஐந்து மணிக்கு எழுந்துவிடுவான். 'ஒரு வருடத்தில் மூன்று கடை' என்று பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தான். கண்ணாடி முன் நின்று 'நான் ஜெயிப்பேன்' என்று தினமும் பத்துத் தடவை சொல்வான். குடி கிடையாது, சோம்பல் கிடையாது. கடைக்கு வந்தவர்களிடம் அவன் பேசுகிற அழகைப் பார்த்து நானே மனசுக்குள் மெச்சியிருக்கிறேன். 2024 ஆகஸ்டில் கடையை மூடினான்.

மூடிய வாரம் ஒரு ராத்திரி அவனை உட்காரவைத்து, பில் கட்டுகளை எல்லாம் தரையில் பரப்பிக் கணக்குப் போட்டேன். கடை வாடகை 35,000 ரூபாய். வங்கித் தவணை 22,000. வேலைக்கு இரண்டு பேர், அவர்கள் சம்பளம் 24,000. ஆக, ஒரு சாக்லேட்கூட விற்காவிட்டாலும் மாதம் 81,000 வெளியே போய்விடும். விற்ற பணத்தில் சரக்கு வாங்கிய செலவு போக மூன்றில் ஒரு பங்குதான் நிற்கும். ஏப்ரலில் விற்பனை மூன்று லட்சத்து அறுபதாயிரம். மே மாதம் ஆறு லட்சம். அந்த வருடம் மே 7ஆம் தேதியிலிருந்து மலைக்கு வருகிறவர்கள் முன்கூட்டியே பதிந்து வாங்க வேண்டிய இ-பாஸ் வந்தது, தெரியும்தானே. இருந்தும் அவனுக்கு ஆறு லட்சம். (இ-பாஸைக் குறை சொல்ல மாட்டேன். மலை தாங்க வேண்டும்.) கூட்டிக் கழித்துப் பார்த்தால் இரண்டு மாதத்துக்கும் சேர்த்து எல்லாம் போகக் கையில் நின்றிருக்க வேண்டியது ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேல்.

அப்புறம் மழைக்காலம். ஜூனில் விற்பனை ஒரு லட்சத்துப் பத்தாயிரத்துக்கு இறங்கியது. ஜூலையில் எண்பதாயிரம். ஆகஸ்டிலும் அதே கதிதான். அந்த மூன்று மாதமும் விழுந்த துண்டு எவ்வளவு தெரியுமா? அதே ஒன்றரை லட்சம். மே மாதக் காசு அப்படியே இருந்திருந்தால் கடை செப்டம்பரைத் தொட்டிருக்கும். டூரிஸ்ட் கூட்டம் மறுபடி வரும் இரண்டாவது சீசன் வந்திருக்கும். ஆனால் அந்தக் காசு எங்கே போனது? அம்மாவுக்கு ஃபிரிட்ஜ், புது பைக்குக்கு முன்பணம், மீதியெல்லாம் கோத்தகிரியில் இரண்டாவது கடைக்கு அட்வான்ஸ். அம்மாவுக்கு ஃபிரிட்ஜ் வாங்கிக் கொடுத்தவனை நான் எப்படித் திட்டுவேன்? மே மாதம் கல்லாவில் விழுகிற காசு மே மாதத்துக்கு மட்டும் சொந்தமில்லை, அதில் பாதி ஜூலைக்கும் ஆகஸ்டுக்கும் சேரவேண்டியது என்று அந்த மூன்று நாள் வகுப்பில் ஒருவரும் சொல்லித்தரவில்லை. வேகமாக வளர வேண்டும், பெரிதாக நினைக்க வேண்டும் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

என்னை உலுக்கியது அந்த நஷ்டமில்லை. கணக்கை முடித்து நிமிர்ந்தபோது அவன் சொன்னான்: "மாமா, தப்பு என்மேலதான். என் மைண்ட்செட் சரியில்ல. உள்ளுக்குள்ள எங்கேயோ சந்தேகம் இருந்திருக்கு, அதான் கடை நிக்கல." பயிற்சி நடத்தியவர்களிடம் போன் செய்து கேட்டானாம், அவர்களும் அதையே சொன்னார்களாம். வாடகையும் தவணையும் சம்பளமும் கூட்டினால் எண்பத்தோராயிரம் என்கிற சாதாரணக் கூட்டலைச் செய்துகாட்ட ஆளில்லாமல், ஒரு பிள்ளை தன் மனசிலேயே ஓட்டை இருக்கிறது என்று நம்பிக்கொண்டு மூன்று மாதம் யார் முகத்தையும் பார்க்காமல் கிடந்தான். அக்கா என்னிடம் வந்து அழுதாள். இதை எழுதும்போதுகூட எனக்கு ஆறவில்லை.

அதிகாலையில் எழுவதை வெற்றியின் முதல் படி என்று எழுதுகிறீர்கள். நாங்கள் அடுப்புக்காரர்கள் மூன்று மணிக்கே எழுகிறோம். எங்களில் பலர் கடனோடுதான் இருக்கிறோம். தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் இருட்டிலேயே எழுந்து சோறாக்கி, பிள்ளைகளைக் கிளப்பிவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு குளிரில் நடக்கிறார்கள். அவர்களைவிட ஒழுங்கான பழக்கம் உள்ளவர்களை நான் பார்த்ததில்லை. சிறு தேயிலை விவசாயிகளை எடுத்துக்கொள்ளுங்கள். தொண்ணூறுகளின் கடைசியில் பச்சைத் தேயிலைக்கு நல்ல விலை கிடைத்தது. அந்த விலையை நம்பிக் கடன் வாங்கி வீடு கட்டினார்கள், பிள்ளைகளை வெளியூரில் படிக்கவைத்தார்கள். அடுத்த ஓரிரு வருடங்களில் விலை சரிந்தபோது தோட்டத்தை அடகு வைத்தவர்களை எனக்கு நேரில் தெரியும். குன்னூர் ஏலத்தில் தூள் விலை விழுந்தால் ஒரு விவசாயியின் மன உறுதியால் அது ஏறாது. விலை நல்லபடி இருந்த வருடத்திலும் கொஞ்சம் ஒதுக்கி வைத்த குடும்பங்கள் தாக்குப்பிடித்தன. அவ்வளவுதான் வித்தியாசம்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1994இல் அடுப்பை வாடகைக்கு எடுத்தேன். முதல் இரண்டு வருடம் கல்லாவிலிருந்து எடுத்து வீட்டுக்குக் காய் வாங்குவேன், கல்யாணத்துக்கு மொய் வைப்பேன். மாதக் கடைசியில் மைதாவுக்குப் பணம் இருக்காது. மேட்டுப்பாளையத்தில் எனக்கு மைதா கடன் கொடுத்த மண்டிக்காரர் ஒருநாள் என்னை எதிரில் உட்காரவைத்துச் சொன்னார்: "கடைக்கு நீ முதலாளி இல்ல தம்பி, முதல் வேலையாள். மாசம் உனக்கு இவ்வளவு சம்பளம்னு எழுதிக்க. அதுக்கு மேல ஒரு ரூபா எடுத்தாலும் கடைகிட்ட கடன்னு நோட்டுல ஏத்து." அன்று எனக்கு நானே 2,500 ரூபாய் சம்பளம் எழுதினேன். அதோடு தினமும் ஒரு பக்கம் எழுத ஆரம்பித்தேன். எத்தனை கிலோ மைதா இறங்கியது, எத்தனை கிலோ வர்க்கி கடைகளுக்கு ஏறியது, எவ்வளவு கருகியது, கடைகளிலிருந்து எவ்வளவு திரும்பி வந்தது. ஓரத்தில் அன்றைய வானிலை: வெயில், மழை, பனிமூட்டம்.

அந்த ஓரக் குறிப்புதான் என்னைக் காப்பாற்றியது. வர்க்கி என்றால் மொறுமொறுப்பு. அடுக்கடுக்காக மடித்துச் சுட்டது, கையில் எடுத்து அமுக்கினால் சருகு நொறுங்குகிற சத்தம் கேட்க வேண்டும். நமத்துவிட்டால் அது வர்க்கி இல்லை. 2023இல் ஊட்டி வர்க்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எங்கள் எல்லோருக்கும் பெருமைதான், ஆனால் நமத்த வர்க்கியை எந்தக் குறியீடும் விற்றுத்தராது. எனக்கு வாரம் ஆறு கிலோவரை நமத்துத் திரும்பி வரும். குன்னூர் ஈரக்காற்று, என்ன செய்வது என்று விதியின்மேல் போட்டிருந்தேன். ஒரு வருட நோட்டை எடுத்து வைத்துப் புரட்டினால், பனிமூட்டம் என்று எழுதிய நாட்களில் திரும்பியது அதிகம், சரி. ஆனால் வெயில் நாட்களிலும் சில தடவை நிறைய திரும்பியிருந்தது. அது எல்லாமே சனிக்கிழமை. ஏன் சனிக்கிழமை? அன்று டூரிஸ்ட் கூட்டம் வரும் என்று கடைக்காரர்கள் அவசரப்படுத்துவார்கள். சூடு தணியுமுன்னே கவரில் போட்டுக் கட்டிவிடுவோம். கவருக்குள் ஆவி வியர்த்து, அந்த ஈரத்தை வர்க்கியே குடித்துக்கொள்ளும். வெள்ளி மதியமே சனிக்கிழமைச் சரக்கைச் சுட்டு, தட்டிலேயே ஆறவிட்டு, புறங்கையை வைத்துப் பார்த்துச் சூடே இல்லை என்று தெரிந்த பிறகுதான் கட்டுவது என்று மாற்றினேன். வாரம் ஆறு கிலோ ஒரு கிலோவானது. என் வர்க்கிக்குப் பெயர் வந்தது அதற்குப் பிறகுதான்.

மனநிலையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேண்டும். ஆனால் எனக்குத் தெரிந்த மனநிலை வேறு மாதிரி. ஒரு தட்டு முழுக்கக் கருகிப்போன நாளில், யாரும் கேட்காதபோதும், ராத்திரி நோட்டைத் திறந்து 'கருகியது 8 கிலோ, நான் கண்ணயர்ந்துவிட்டேன்' என்று எழுத ஒரு நெஞ்சுரம் வேண்டும். அன்றைக்குப் பேனாவைத் தொடக் கை வராது. நாளைக்கு எழுதலாம், இல்லை விறகு ஈரம் என்று எழுதிவிடலாம் என்று மனசு சொல்லும். அப்படி ஒருநாள் பொய் எழுதிவிட்டால் அப்புறம் அந்த நோட்டால் ஒரு உபயோகமும் இல்லை. என் முப்பது வருடப் பயிற்சி இது ஒன்றுதான். கெட்ட நாளைக் கெட்ட நாள் என்று எழுதப் பழகியவனுக்கு மறுநாள் மாவைப் பிசையும்போது மனசு லேசாக இருக்கிறது. எங்கே சறுக்கினோம் என்று தெரிந்துவிடுகிறதே.

சம்பளம் போக மீந்ததில் ஒரு பங்கைத் தனியாக வேறொரு வங்கியில் போட்டுவந்தேன். 2009 நவம்பரில் மலையெங்கும் மண் சரிந்து, உயிர்கள் போய், மேட்டுப்பாளையம் பாதை அடைபட்டபோது பதினோரு நாள் அடுப்பு எரியவில்லை. என்னிடம் வேலை செய்த நான்கு பேருக்கும் சம்பளம் கொடுத்தேன். 2020இல் சீசனே இல்லாமல் போன ஏப்ரலும் மேயும் அந்தக் கணக்கில் இருந்த பணத்தில்தான் கழிந்தன.

இதையெல்லாம் என் சாமர்த்தியம் என்று எழுதினால் அது பொய்க்கணக்கு. நான் குடியிருப்பது அப்பா விட்டுப்போன வீடு. வீட்டு வாடகை என்கிற பாரம் என் தலையில் ஏறியதே இல்லை. மண்டிக்காரர் எனக்கு இரண்டு வருடம் கடன் கொடுத்துப் பொறுத்துக்கொண்டார். என் மருமகனுக்கு அந்த இரண்டுமே கிடைக்கவில்லை. ஜெயித்தவர்களைப் பேட்டி காணும்போது உங்கள் நிருபர்கள் இதைக் கேட்பதே இல்லை. காலையில் எத்தனை மணிக்கு எழுவீர்கள் என்று கேட்கிறார்கள். சொந்த வீடா வாடகை வீடா, முதல் கடனை யார் கொடுத்தார், வியாபாரம் படுத்தால் எத்தனை மாதம் தாங்கக் கையிருப்பு இருந்தது என்று கேளுங்கள். படிக்கிற பிள்ளைகளுக்கு அதுதான் உதவும்.

இன்னொன்றும் கேட்கிறேன். கடையை மூடியவர்களையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசவிடுங்கள். பெயர் போட வேண்டாம், படம் வேண்டாம். அவர்களும் ஐந்து மணிக்கு எழுந்தவர்கள்தான், அவர்களும் நம்பியவர்கள்தான். எந்த மாதம் எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, எந்த இடத்தில் கை மீறியது என்று அவர்கள் வாயால் வரட்டும். அடுத்த ஏப்ரலில் ஊட்டியிலோ கொடைக்கானலிலோ கடை போடக் கடன் மனு எழுதிக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளை அதைப் படித்தால், ஒரு வெள்ளைத் தாளை எடுத்து ஜூலை மாதம் என்று தலைப்புப் போட்டு முதலில் அந்தக் கணக்கைப் பார்ப்பான்.

என் மருமகன் இந்த ஜனவரியிலிருந்து என் அடுப்பில்தான் இருக்கிறான். வங்கித் தவணையை மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கிறான். சனிக்கிழமை லோடை அவன் பொறுப்பில் விட்டிருக்கிறேன். போன வாரம் ஒரு கடையிலிருந்து இரண்டு கிலோ திரும்பி வந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. ராத்திரி கதவடைக்கும்போது நோட்டைப் பார்த்தேன். அவன் கையெழுத்தில் இருந்தது: 'ஏறியது 64 கிலோ. பனிமூட்டம். திரும்பியது 2 கிலோ. கடைசித் தட்டு ஆறவில்லை, தெரிந்தே கட்டினேன்.'

அந்தப் பக்கத்தின் நகல் ஒன்றை இக்கடிதத்தோடு வைத்திருக்கிறேன். அவன் சம்மதத்தோடுதான்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
வர்க்கி அடுப்புக்காரர்,
குன்னூர், நீலகிரி மாவட்டம்.