குழாயடியில் கிடக்கும் மஞ்சள் கரு: சத்துணவு டீச்சர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர் மாவட்டத்துச் சத்துணவு டீச்சர்களுக்கும், சமையல்கார அம்மாக்களுக்கும், ஆயாக்களுக்கும் வணக்கம்.

குடியாத்தம் பக்கத்துக் கிராமத்துக்காரன் நான். மூன்றாவது படிக்கும் பேத்திக்கு மதியம் மருந்து கொடுக்க நாலைந்து நாள் பள்ளிக்கூடம் போக வேண்டியிருந்தது. கை கழுவும் குழாயடியில், கோலிக்குண்டு உருட்டி விட்டதுபோல மஞ்சள் கரு கிடந்தது. பலவற்றில் பல்லே படவில்லை. மதில்மேல் காக்காய்கள் வரிசை கட்டி உட்கார்ந்திருந்தன. காக்காய்க்கு ஏற்கெனவே கண் கூர்மை, அதற்கு எதற்கு இன்னும் வைட்டமின் ஏ?

முட்டையில் அந்த வைட்டமின் மஞ்சளில்தான் இருக்கிறது. வெள்ளையில் புரதம் உண்டு, இது கிடையாது. விழித்திரையின் நடுப்பகுதியில் போய்ச் சேரும் லூட்டின் என்கிற சத்தும் மஞ்சளில்தான். 2010-இலிருந்து பள்ளி நாள்களில் தினம் ஒன்று, வாரத்துக்கு 5 முட்டை வருகிறது. கண்ணுக்கான பாகம் மட்டும் காக்காய்க்குப் போகிறது.

எனக்கு இது உறுத்தக் காரணம் என் தம்பி. எழுபதுகளில், பொழுது சாய்ந்தால் சோற்றுத் தட்டைத் தடவித்தான் எடுப்பான். தெரிந்த திண்ணைப் படியிலேயே தடுக்கி விழுவான். சேட்டை என்று நினைத்து அப்பா இரண்டு அடி கூடப் போட்டார். வெள்ளை விழியில் சோப்பு நுரை ஒட்டினாற்போல ஒரு திட்டு வந்த பிறகுதான் அம்மா பஸ் ஏறி வேலூர் ஆரணி ரோட்டு ஷெல் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். மாலைக்கண், வைட்டமின் ஏ குறைவால் வருவது என்றார்கள். மருந்து கொடுத்து, முருங்கைக்கீரையும் முட்டையும் போடச் சொன்னார்கள். பார்வை திரும்பியது. இதையே கவனிக்காமல் விட்டால் கருவிழி புண்ணாகிக் கண்ணே போய்விடும்.

இப்போது ஒன்பதாம் மாதத்தில் 1 லட்சம் யூனிட், அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2 லட்சம் என்று மொத்தம் 9 தடவை வைட்டமின் ஏ மருந்து கொடுக்கிறார்கள். ஐந்து வயதோடு அது நின்றுவிடும். பிள்ளை ஒன்றாம் வகுப்புக்கு, அதாவது உங்கள் கைக்கு, வருவது அப்போதுதான்.

ஏன் எறிகிறாய் என்று பேத்தியைக் கேட்டேன். "தொண்டைய அடைக்குது தாத்தா" என்றாள். பெரிய பெண்கள் வேறு, மஞ்சள் சூடு, பரு வரும் என்கிறார்களாம். வெயிலூரில் இந்தப் பேச்சு எடுபடத்தானே செய்யும்! ஆனால் பேத்தி சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதிக நேரம் கொதித்தால் கருவைச் சுற்றிப் பச்சையாக வளையம் கட்டி, உள்ளே வறட்டு மாவாகிவிடும். கொதி வந்து பன்னிரண்டு நிமிடம், எடுத்ததும் பச்சைத் தண்ணீர் என்பது வீட்டுக் கணக்கு. நூறு முட்டையை ஒரே அண்டாவில் போடுகிறவர்களுக்கு நான் பாடம் நடத்த வரவில்லை. சின்ன வகுப்புகளுக்கு மட்டும் முட்டையைப் பிட்டு, மஞ்சளைச் சாம்பார் சோற்றில் நசுக்கிப் பிசைந்துவிடச் சொல்லுங்கள், போதும். வீட்டில் செய்து பார்த்தேன், தட்டில் ஒரு பருக்கை மிச்சமில்லை.

அந்தச் சாம்பாரில் முருங்கைக்கீரை இருந்தால் இன்னும் நல்லது. கீரையின் கரோட்டின் எண்ணெயில் கரைவது. தாளிப்பு எண்ணெயும் மஞ்சள் கருவின் கொழுப்பும் சேர்ந்தால் உடம்பில் நன்றாக ஒட்டும். முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் தருகிறீர்கள், சரி. ஆனால் அதில் இந்தச் சத்து சொற்பம். அவர்களுக்காகவாவது கீரை வேண்டும்.

கீரைக்குக் காசு ஏது என்பீர்கள். சமையற்கூடத்துப் பின்சுவரை ஒட்டி இடம் சும்மாதான் கிடக்கிறது. பாத்திரம் கழுவுகிற தண்ணீரும் அந்தப் பக்கமே ஓடுகிறது. எங்கள் வீட்டு முருங்கையில் கை தடிமனுக்கு நாலு போத்து வெட்டி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை பேத்தியை விட வரும்போது கொண்டுவருகிறேன், கடப்பாரை மட்டும் எடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் தாத்தா