டாலருக்கு இருபது சென்ட்

மாப்ள குமரேசா,

உன் கடிதம் கிடைத்தது. மே மாதம் மகள் வீட்டுக்கு வருகிறாய் என்று படித்ததும் உடனே போன் போடலாம் என்றுதான் நினைத்தேன், அங்கே நடுராத்திரி என்பதால் விட்டுவிட்டேன். டெக்சாஸில் அவள் இருக்கிற பிளேனோ ஊர் எங்கள் வீட்டிலிருந்து முக்கால் மணி நேரம்தான். மாப்பிள்ளைக்கு வேலை இருந்தால் நானே வந்து கூட்டிக்கொண்டு போகிறேன். ஆனாலும் விசா, டிக்கெட், உன் சர்க்கரை எல்லாவற்றையும் நாலு வரியில் முடித்துவிட்டு, மிச்சக் கடிதம் முழுக்க டிப்ஸைப் பற்றியே எழுதியிருக்கிறாய் பார், உன்னால்தான் முடியும்! "சாப்பாட்டுக்கும் காசு கொடுத்து, அதைக் கொண்டுவந்து வைத்ததற்கும் ஐந்தில் ஒரு பங்கா? எதுக்குடா?" என்கிறாய். சரி, சொல்கிறேன்.

இங்கே டிப்ஸ் சம்பளத்துக்கு மேல் கிடைக்கிற அன்பளிப்பு இல்லை. அதுதான் சம்பளமே. அமெரிக்காவின் கூட்டாட்சிச் சட்டப்படி ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தபட்சக் கூலி 7.25 டாலர், அதுவே 2009 முதல் அப்படியே கிடக்கிறது. டிப்ஸ் வாங்குகிற வேலை என்றால் முதலாளி தன் கையிலிருந்து 2.13 டாலர் கொடுத்தால் போதும். இந்த 2.13 எப்போது வந்தது தெரியுமா? 1991 இல். அப்போது குறைந்தபட்சக் கூலி 4.25, அதில் பாதி என்று கணக்குப் போட்டு வைத்தார்கள், பிறகு வந்த சட்டம் அதை அங்கேயே நிறுத்திவிட்டது. நாம் கல்லூரி முடித்த காலத்துச் சம்பளத்தை இன்றைக்கும் ஒருவனுக்குக் கொடுத்தால் எப்படி இருக்கும், யோசித்துப் பார். டிப்ஸையும் சேர்த்து 7.25 வரவில்லையென்றால் மிச்சத்தை முதலாளி ஈடுகட்ட வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது, இருந்தாலும் அதைக் கேட்டு வாங்கிவிட்டு அடுத்த வாரமும் அங்கேயே நல்ல ஷிஃப்ட் கிடைக்கும் என்று எந்த சர்வர் நம்புவார்? நீ வரப்போகிற டெக்சாஸ் இந்த 2.13 கணக்கில்தான் ஓடுகிறது. கலிபோர்னியாவில் அப்படி இல்லை, அங்கே சர்வருக்கும் முழுக் கூலி கொடுத்தாக வேண்டும், 2025 இல் அது மணிக்கு 16.50 டாலர். அதனால் அங்கே டிப்ஸ் குறைவாகக் கேட்பார்களா என்றால் அதுதான் இல்லை, அங்கேயும் அதே இருபது சதவீதம்தான். இதற்கு நியாயம் கேட்டு என்னிடம் சண்டைக்கு வராதே, என்னிடம் பதில் இல்லை.

இன்னொன்று, நீ கொடுப்பது முழுக்க சர்வர் பையில் போவதில்லை. மேசை துடைக்கிற பையன், பார்டெண்டர், சில இடங்களில் வாசலில் நின்று இடம் காட்டுகிற பெண் என்று ராத்திரி கணக்கு முடிக்கும்போது அதிலிருந்து பிரித்துக் கொடுத்தாக வேண்டும். முதலாளியோ மேனேஜரோ மட்டும் அதில் கை வைக்கக் கூடாது, 2018 முதல் சட்டமே அப்படித்தான்.

பில் எப்படி வரும் என்று சொல்லிவிடுகிறேன், இதில்தான் நம் ஊர்க்காரர்கள் திணறுகிறார்கள். கறுப்பு அட்டைக்குள் பில் வரும், அதன்மேல் உன் கார்டை வைத்தால் எடுத்துப் போய்த் தேய்த்துவிட்டு இரண்டு சீட்டும் ஒரு பேனாவும் கொண்டுவந்து வைப்பார்கள். ஒரு சீட்டு உனக்கு, ஒன்று கடைக்கு. கடைச் சீட்டில் டிப் என்று ஒரு கோடு, அதன்கீழ் டோட்டல் என்று ஒரு கோடு. இரண்டையும் நீயே எழுதிக் கூட்டிக் கையெழுத்துப் போட்டு மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்து போகலாம், யாரும் வந்து பார்க்க மாட்டார்கள். கார்டை எடுக்க மறக்காதே. உன் போனில் முதலில் வருகிற குறுஞ்செய்தியில் டிப்ஸ் சேராத தொகைதான் இருக்கும், ஓரிரண்டு நாளில் கணக்கில் ஏறுவது கூடுதலாக இருக்கும். உடனே பேங்குக்குப் போன் போட்டு கார்டை பிளாக் பண்ணிவிடாதே!

எவ்வளவு என்று கேட்டாய். உட்கார்ந்து சாப்பிட்டு, ஒருவர் வந்து கேட்டுக் கேட்டுப் பரிமாறினால் இருபது சதவீதம். ஒழுங்காகக் கவனிக்கவில்லை என்றால் பதினைந்து. சாப்பாடு தாமதமாக வந்தது, உப்புக் கூடிவிட்டது என்பதெல்லாம் அடுக்களைக் குற்றம், அதற்கு சர்வர் கூலியைக் குறைப்பது சரியில்லை. நாமே எடுத்துப் போட்டுக்கொள்கிற பஃபே என்றால் பத்து போதும், தட்டை எடுக்கவும் தண்ணீர் ஊற்றவும் ஆள் வருகிறார்கள் அல்லவா. கணக்கை வரிக்கு முந்தைய தொகையில் போடு. உங்கள் பிளேனோவில் விற்பனை வரி 8.25 சதவீதம், அறுபது டாலருக்குச் சாப்பிட்டால் பில் 64.95 என்று வரும், டிப்ஸ் அறுபதுக்குத்தான், அதாவது பன்னிரண்டு. கீழே அவர்களே அச்சடித்துத் தருகிற 18, 20, 22 என்கிற கணக்கு பல இடங்களில் வரியையும் சேர்த்துப் போட்டிருக்கும். ஒரு டாலர்தான் வித்தியாசம், உனக்கு அந்த ஒரு டாலரே தூக்கத்தைக் கெடுக்கும் என்பதால் சொல்கிறேன்.

கூட்டமாகப் போகும்போதுதான் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். ஆறு பேர், எட்டு பேருக்கு மேல் என்றால் பல இடங்களில் 18 சதவீதத்தை அவர்களே பில்லில் சேர்த்துவிடுவார்கள், அதற்குக் கீழே டிப் கோடும் காலியாக இருக்கும், பார்க்காமல் இன்னொரு இருபதை எழுதிக் கொடுக்கிறவர்கள் ஏராளம். சேர்க்காத இடத்தில் வேறு கூத்து. நம் ஆட்கள் நாலு குடும்பம் போனால் "நான் தருகிறேன், நீ வை" என்று கார்டைப் பிடுங்கிப் பத்து நிமிடம் மல்லுக்கு நிற்பார்கள், கடைசியில் எல்லோரும் பிரித்துக் கொடுப்பார்கள், டிப்ஸை மற்றவன் போட்டிருப்பான் என்று ஆளுக்கு ஆள் நினைத்து ஒருவனும் போட்டிருக்க மாட்டான். இந்தியர்கள் மேசை என்றாலே சில சர்வர்களுக்கு முகம் சுருங்குகிறது, அதில் நம் பங்கும் கொஞ்சம் இருக்கிறது.

ஆனால் கவுன்டர் விஷயத்தில் நான் உன் கட்சி. நின்றுகொண்டே ஒரு காப்பி வாங்குகிறோம், நாமே எடுத்துக்கொண்டு போகிறோம், அதற்கு ஐபேடைத் திருப்பிக் காட்டி 18, 20, 25 என்று கேட்கிறது அந்தத் திரை. பின்னால் நாலு பேர் வரிசையில் நிற்க, எதிரே அந்தப் பெண் வேறெங்கோ பார்ப்பதுபோல் நிற்க, வேண்டாம் என்கிற பொத்தான் மட்டும் மூலையில் சின்னதாக இருக்கும். என் வீட்டுக்காரி கூசிப் போய் இருபதை அழுத்திவிடுவாள். நான் அழுத்த மாட்டேன். அங்கே வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் முழு மணிக்கூலி வாங்குகிறவர்கள், அந்த 2.13 கணக்கில் வருகிறவர்கள் இல்லை. பார்சல் வாங்கப் போனாலும் இதே கதை, நல்ல பெரிய ஆர்டராகக் கட்டிக் கொடுத்தால் ஒன்றிரண்டு டாலர் வைப்பேன், அவ்வளவுதான்.

சென்னையில் பில்லோடு பத்து சதவீதம் சர்வீஸ் சார்ஜ் போட்டதற்கு நீ சத்தம் போட்டாய் என்று எழுதியிருக்கிறாயே, அது முழுக்க நியாயம். மேனேஜர் அதை கவர்ன்மென்ட் ரூல் என்றானாமே, ரூல் அதற்கு நேர்மாறாகத்தான் இருக்கிறது. 2022 ஜூலையிலேயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், கேட்காமல் அதைப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று வழிகாட்டுதல் போட்டது. ஹோட்டல் சங்கங்கள் வழக்குக்குப் போயும், 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அது செல்லும் என்று சொல்லிவிட்டது. ஜிஎஸ்டிதான் சர்க்காருக்குப் போவது, சர்வீஸ் சார்ஜ் கல்லாவுக்குப் போவது. இனி எவனாவது அப்படிச் சொன்னால் 1915க்குப் போன் போடு, நுகர்வோர் உதவி எண். அதை எடுக்கச் சொல்லிவிட்டு, பரிமாறியவர் கையில் ஐம்பதோ நூறோ நேராகக் கொடு. ஜிபே வந்த பிறகு சில்லறை கையில் இருப்பதே இல்லை, சோம்பு, கல்கண்டு வைத்த தட்டில் முன்பு மிச்சம் விழுந்துகொண்டிருந்த பத்து இருபதுகூட இப்போது விழுவதில்லை. மதுரையில் நம் சப்ளையர்கள் அதைச் சொல்லிப் புலம்பியதை நான் போன முறை வந்தபோதே கேட்டேன். சட்டைப்பையில் இரண்டு நோட்டு வைத்துக்கொள், நீ ஒன்றும் கெட்டுப் போக மாட்டாய்.

அப்புறம், சர்க்கரை மாத்திரையை முழு மாதத்துக்கும் சேர்த்தே வாங்கி வா, டாக்டர் சீட்டையும் கைப்பையில் வை, இங்கே வாங்க ஆரம்பித்தால் இந்த டிப்ஸெல்லாம் ஒன்றுமே இல்லை என்று தோன்றிவிடும். எனக்கென்று எதுவும் வேண்டாம். வீட்டுக்காரிதான் வடகம் கேட்கிறாள், வெங்காய வடகம். டிக்கெட் போட்டதும் எந்த நாள், எத்தனை மணிக்கு இறங்குகிறாய் என்று அனுப்பு.

உன்,
சங்கரன்