கீமோவின் நடுவில் எடுக்கும் ஸ்கேன்

அன்புள்ள கலா,

உன் கடிதம் கிடைத்தது. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு முதலில் கீமோ கொடுத்துவிட்டு அப்புறம் கதிர்வீச்சுக்கு அனுப்புவது உங்கள் பிரிவிலும் தொடங்கிவிட்டது என்று எழுதியிருந்தாய். 2024-இல் லான்செட் மருத்துவ இதழில் இன்டர்லேஸ் ஆய்வு வந்ததிலிருந்து எங்கும் இதே பேச்சுதான்: ஆறு வாரம், வாரம் ஒரு முறை கார்போபிளாட்டினும் பாக்லிடாக்ஸலும், ஏழாவது வாரத்திலிருந்து கதிர்வீச்சோடு சிஸ்பிளாட்டின். எனக்கு ஒரே கவலை, மருந்துக்கு மசியாத கட்டியோடு ஒரு பெண் ஆறு வாரமும் காத்திருக்கக் கூடாது. அதனால் இரண்டு மூன்று வாரத்திலேயே ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்பது நல்லது என்பேன்.

அந்த ஸ்கேனில் அளவை மட்டும் பார்த்து முடிவு சொல்லாதே. கட்டி சுருங்குவதை அளக்கும் ரெசிஸ்ட் முறைப்படி நீளம் 30 சதவீதமாவது குறைந்தால்தான் பலன் என்று எழுதுவோம். கட்டி எல்லாப் பக்கமும் ஒரே சீராகச் சுருங்கியிருந்தால், அதற்குள் கன அளவு மூன்றில் ஒரு பங்குக்கு வந்திருக்கும். ஆகவே நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி, அதை 0.52-ஆல் பெருக்கி, மில்லிலிட்டரிலும் எழுது. 5×4×4 செ.மீ. கட்டி என்றால் ஏறக்குறைய 42 மி.லி.

அளவு குறையும் முன்பே பல நேரம், திசுவில் நீர் நகர்வதைக் காட்டும் டிஃப்யூஷன் படம் காட்டிக்கொடுத்துவிடும். செல்கள் சாகச் சாக நீர் தாராளமாக நகரும், அந்த நகர்வை அளக்கும் எண்ணான ஏ.டி.சி. ஏறும். பி-வேல்யூ (டிஃப்யூஷனை எவ்வளவு அழுத்தமாகக் காட்டுவது என்று மெஷினில் வைக்கும் எண்) 800 அல்லது 1000 படத்தில் வெள்ளையாகவும் ஏ.டி.சி. படத்தில் கறுப்பாகவும் இருந்தால் உயிருள்ள கட்டி. இரண்டிலும் வெள்ளையென்றால் பெரும்பாலும் டி2 வெளிச்சம் (நீர்ச்சத்து வெள்ளையாகத் தெரியும் டி2 படத்தின் பிரகாசம்) கசிவதுதான், ஏமாந்துவிடாதே. அளக்கும்போது அழுகிப்போன நடுப்பகுதியைத் தொடாமல் திடமான பகுதியில் மட்டும் வட்டம் போடு. அழுகலைச் சேர்த்தால் எண் பொய்யாக ஏறும். எல்லாருக்கும் பொதுவான ஒரு எண்ணைத் தேடாதே. அவளுடைய முதல் ஸ்கேனோடு, அதே மெஷினில், அதே பி-வேல்யூவில் ஒப்பிடு.

பிழை அதிகம் நடப்பது படம் எடுக்கும் இடத்தில்தான். குறுக்குவெட்டு கருப்பைவாய்க் குழாய்க்குச் செங்குத்தாக இருக்க வேண்டும், ஸ்லைஸ் 3 முதல் 4 மி.மீ. கட்டி சுருங்கினாலோ மூத்திரப்பை நிரம்பினாலோ கருப்பை சாய்ந்துவிடும். போன முறை கோணத்தையே டெக்னீஷியன் போட்டால், வெட்டு சரிந்து விழுந்து, பாராமெட்ரியத்தில், அதாவது கருப்பைவாயைச் சுற்றியுள்ள திசுவில், கட்டி இருப்பதுபோலத் தெரியும். ஒவ்வொரு முறையும் சஜிட்டல் (பக்கவாட்டு வெட்டு) படத்தைப் பார்த்துக் கோணத்தைப் புதிதாகப் போடச் சொல். மூத்திரப்பை பாதி நிரம்பியிருக்கட்டும். நாலு மணி நேரம் வெறும் வயிறு, குளுக்கோமா (கண் அழுத்த நோய்) இல்லாவிட்டால், குடல் அசைவை அடக்க ஹயோசின் பியூட்டைல்புரோமைடு 20 மி.கி. மலக்குடலில் காற்று இருந்தால் டிஃப்யூஷன் படம் கோணிப்போகும். முதல் ஸ்கேன் பயாப்சிக்கு (சதை எடுத்துச் சோதிப்பதற்கு) முன்னால் முடிந்தால் நல்லது. இல்லையென்றால் பத்து நாள் தள்ளி எடு, ரத்தமும் வீக்கமும் கட்டியாகத் தெரியாது.

சிறுநீரகம் வீங்கியிருந்தால் அறிக்கைக்குக் காத்திராமல் அன்றே போன் செய்துவிடு. சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைப் பாதிக்கும் மருந்து, அதைக் கொடுக்கலாமா என்பதே இதைப் பொறுத்தது.

உயிருள்ள கட்டி ஒளிர்ந்து தெரியும் பெட்-சி.டி. ஸ்கேனைக் கதிர்வீச்சு முடிந்து மூன்று மாதம் கழித்து வைத்துக்கொள். அதற்கு முன்னால் எடுத்தால் அழற்சியும் ஒளிரும். வெள்ளணு ஏற்றும் ஊசி போட்டிருந்தால் எலும்பு மஜ்ஜை முழுக்கப் பளிச்சிடும், பரவல் என்று எழுதிவிடக் கூடாது.

உங்கள் மெஷினில் என்ன பி-வேல்யூ போடுகிறார்கள், ஸ்கேனுக்கு யோனியில் ஜெல் வைக்கிறார்களா என்று அடுத்த கடிதத்தில் எழுது. முடிந்தால் சஜிட்டல் டி2 படமும் அனுப்பு, கோணத்தைச் சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
சாந்தி