ஸ்டாக் காருக்கு ஸ்பான்சர் தேடுவோர் வெற்றிக்காகக் காத்திருக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

'நன்றாக ஓட்டினால் ஸ்பான்சர் தானாகத் தேடி வருவார்' என்ற எண்ணம் கார் பந்தயம் பற்றிய செய்திகளிலும் வாசகர் பேச்சிலும் அடிக்கடி தலைகாட்டுகிறது. அமெரிக்காவில் வசிக்கும் தமிழ் இளைஞர்களில் சிலர் இப்போது உள்ளூர் ஓவல் (நீள்வட்ட) டிராக்குகளில் ஸ்டாக் கார், அதாவது சாலைக் கார் வடிவிலான பந்தயக் கார், ஓட்ட ஆர்வம் காட்டுகிறார்கள். அவர்களும் இதையே நம்பிக்கொண்டு முதல் இரண்டு சீசன்களைக் கைக்காசில் கரைக்கிறார்கள். சனிக்கிழமை இரவுகளில் கால் மைல், அரை மைல் டிராக்கில் ஓடும் அமெச்சூர் பந்தயத்துக்கு இந்த நம்பிக்கை பொருந்தாது. ஸ்ட்ரீட் ஸ்டாக், ஹாபி ஸ்டாக் போன்ற தொடக்கப் பிரிவுகளில் முதலாவதாக வந்தவரின் பெயர்கூட மறுவாரம் பலருக்கு நினைவிருக்காது. ஆனால் வாரம் தவறாமல் வந்து நின்ற காரின் பக்கவாட்டில் எந்தக் கடையின் பெயர் இருந்தது என்பது நினைவிருக்கும். உள்ளூர் வியாபாரி பணம் கொடுப்பது அதற்காகத்தான்.

இதன் வேர் பழையது. அமெரிக்காவில் ஸ்டாக் கார் பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பு 1948-இல் உருவானது. 1971 ஜனவரியில் அமெரிக்கத் தொலைக்காட்சியிலும் வானொலியிலும் சிகரெட் விளம்பரத்துக்குத் தடை வந்தது. விளம்பரப் பணத்துக்கு வேறு இடம் தேடிய வின்ஸ்டன் சிகரெட் நிறுவனம் அதே ஆண்டு நாஸ்காரின் தலைமைத் தொடருக்கு ஸ்பான்சராகி, 2003 வரை நீடித்தது. விளம்பரம் செய்ய ஓர் இடம் வேண்டியிருந்தது, அந்த இடம் ஓவல் டிராக்கில் கிடைத்தது. உங்கள் ஊர்க் கூரை வேலைக்காரருக்கும் பிளம்பருக்கும் கணக்கு இதேதான், தொகைதான் சிறிது.

ஆகவே கேட்கப் போகும் முன் செய்ய வேண்டிய முதல் வேலை செலவுக் கணக்கு. 'ஒரு சீசனுக்கு இவ்வளவு ஆகும்' என்று ஒரே பெரிய தொகையாகச் சொன்னால் கேட்பவர் பின்வாங்குவார். ஒரு பந்தய இரவின் செலவாக உடைத்து எழுதுங்கள்: நுழைவுக் கட்டணம், பிட் எனப்படும் கார் பராமரிப்புப் பகுதிக்குள் குழுவினர் நுழைய வேண்டிய பாஸ், எரிபொருள், டிரெய்லர் இழுக்கும் வண்டிக்கு டீசல், டயர் தேய்மானம், பிரேக் பேட், எண்ணெய். பிறகு ஒவ்வொன்றையும் தனித்தனியே விலைபேசக்கூடிய துண்டாக மாற்றுங்கள். 'மாதம் ஒரு வலது பின் டயர்', 'நான்கு இரவுகளுக்கு எரிபொருள்' என்று கேட்டால் சின்னக் கடைக்காரரும் தலையாட்டுவார். பாதுகாப்புச் சாதனங்களை மட்டும் இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். பந்தயப் பாதுகாப்புச் சாதனங்களுக்குத் தரம் வகுக்கும் எஸ்.எஃப்.ஐ. அமைப்பின் முத்திரையுள்ள சீட் பெல்ட் தயாரித்த தேதியிலிருந்து 2 ஆண்டுதான் செல்லும். பெல்ட், ஹெல்மெட், தீயணைப்புச் சாதனம், தீ தாங்கும் உடை ஆகியவற்றை ஸ்பான்சர் பணத்தை நம்பித் தள்ளிப்போடக் கூடாது. அவற்றை வாங்க முடியாத ஆண்டில் காரை ஓட்டவும் கூடாது.

அடுத்தது காலம். பெரும்பாலோர் மார்ச் மாதத்தில், காருக்குப் பெயின்ட் அடித்து முடித்த பிறகு, கடை கடையாக ஏறுகிறார்கள். அதற்குள் அந்தக் கடையின் விளம்பரப் பணம் எங்காவது போய்ச் சேர்ந்திருக்கும். சீசன் முடிந்த கையோடு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை பேசுவதுதான் பலன் தரும். அடுத்த ஆண்டுக் கணக்கைப் பலர் அப்போதுதான் போடுகிறார்கள். ஸ்பான்சரின் நிறத்துக்கேற்பக் காரைப் பெயின்ட் செய்ய உங்களுக்கும் நேரம் இருக்கும். நிறம் சின்ன விஷயமில்லை. 1972-இல் எஞ்சின் எண்ணெயில் கலக்கும் பொருள்களை விற்ற எஸ்.டி.பி. நிறுவனம் நாஸ்கார் ஓட்டுநர் ரிச்சர்ட் பெட்டிக்கு ஸ்பான்சராக வந்தபோது 43-ஆம் எண் கார் முழுக்கத் தங்கள் சிவப்பாக வேண்டும் என்றது. பெட்டி தன் நீலத்தை விட்டுக்கொடுக்கவில்லை. பேச்சுவார்த்தையில் பிறந்த சிவப்பு-நீலக் கலவை பின்னர் அந்தக் காரின் அடையாளமாகவே ஆகிவிட்டது. எதை விட்டுக்கொடுப்பீர்கள், எதை மாட்டீர்கள் என்பதைப் போகும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

யாரிடம் போவது? தேசிய அளவிலான பெரிய நிறுவனங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பிப் பதிலுக்குக் காத்திருப்பது நேர விரயம். நீங்கள் ஏற்கெனவே காசு கொடுக்கும் இடங்களில் தொடங்குங்கள்: டயர் கடை, உதிரிபாகக் கடை, வெல்டிங் பட்டறை, உங்கள் சொந்தக் காரின் காப்பீட்டு முகவர், வேலை பார்க்கும் நிறுவனம். அதற்கடுத்து, ஒரே ஒரு வாடிக்கையாளர் கிடைத்தாலே போட்ட பணம் திரும்பிவிடும் தொழில்கள்: கூரை மாற்றுபவர், ஏசி-ஹீட்டர் பொருத்துபவர், கான்கிரீட் போடுபவர், வீடு விற்றுக் கொடுப்பவர். சாண்ட்விச் கடைக்காரர் அதே தொகையை மீட்க எத்தனை சாண்ட்விச் விற்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். அவரிடம் பணம் கேட்பதைவிடக் குழுவுக்குச் சனிக்கிழமைச் சாப்பாடு கேட்பதுதான் நியாயம். இன்னொரு கூட்டத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: வேலைக்கு ஆள் கிடைக்காமல் திண்டாடும் பட்டறைகளும் லாரி நிறுவனங்களும். டிராக்கின் பார்வையாளர் வரிசையில் வெல்டரும் மெக்கானிக்கும் ஓட்டுநரும் நிறையவே இருப்பார்கள். 'ஆள் தேவை' என்று கார் மீது எழுதுவது அந்த நிறுவனத்துக்குப் பத்திரிகை விளம்பரத்தைவிட நேரடியாகப் போய்ச் சேரும்.

உதிரிபாகத் தயாரிப்பாளர்களின் கன்டின்ஜென்சி திட்டம் தனி வகை. அவர்களுடைய ஸ்டிக்கரை ஒட்டி, அவர்களுடைய பொருளைப் பயன்படுத்தி, குறிப்பிட்ட இடத்தில் முடித்தால் பொருளோ தள்ளுபடிச் சான்றோ கிடைக்கும். இதில் ஏமாற்றம் பெரும்பாலும் ஒரே காரணத்தால் வருகிறது: ஸ்டிக்கர் சொன்ன இடத்தில் இல்லை, அல்லது பந்தயத்துக்குப் பின் ஒட்டப்பட்டது.

கையில் எடுத்துப் போகும் விண்ணப்பம் இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். முதல் பக்கத்தில் காரின் படம், அதில் அந்தக் கடையின் பெயரை ஏற்கெனவே வரைந்து காட்டுங்கள். எந்தப் பிரிவு, எந்த டிராக், எத்தனை இரவுகள், டிராக் நிர்வாகம் சொல்லும் சராசரிப் பார்வையாளர் எண்ணிக்கை ஆகியவற்றைக் கீழே எழுதுங்கள். எண்ணிக்கையை ஊதிப் பெருக்காதீர்கள். கடைக்காரர் ஒரு சனிக்கிழமை டிராக்குக்கு வந்து பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். இரண்டாம் பக்கத்தில் அவருக்கு என்ன கிடைக்கும், என்ன கேட்கிறீர்கள். வெற்றி தருவதாக எழுதாதீர்கள், அது உங்கள் கையில் இல்லை. நேரில் போங்கள், கூட்டமில்லாத காலை நேரத்தில் போங்கள், முதலாளியையே பாருங்கள். அவருடைய வியாபாரம் எப்படிப் போகிறது, எந்த மாதம் மந்தம், எப்படிப்பட்ட வாடிக்கையாளர் வேண்டும் என்று முதலில் கேளுங்கள். பதிலைக் கேட்ட பிறகுதான் காரைப் பற்றிப் பேச வேண்டும்.

இனி காரில் இடம் ஒதுக்குவது. இங்கேதான் தெரிந்தவர்களும் பணத்தை விட்டுவிடுகிறார்கள். ஓவல் பந்தயத்தில் கார்கள் இடப்பக்கம் திரும்பி ஓடுகின்றன. பார்வையாளர் மேடை டிராக்குக்கு வெளியே, நேர்பாதையை ஒட்டி இருந்தால் கார் கடந்து போகும்போது மேடைக்குத் தெரிவது வலப்பக்கம். ஆகவே வலது கதவுக்குப் பின்னால் உள்ள பின்பக்கத் தகடுதான் விலை உயர்ந்த இடம். மேடை முன்னுள்ள நேர்பாதைக்கு முந்தைய கடைசி வளைவான நான்காம் திருப்பத்தை விட்டு வெளியேறும்போது சுவரில் உரசுவதும் அதே தகடுதான். அந்த இடத்துக்கு மட்டும் இரண்டு செட் ஸ்டிக்கர் கூடுதலாக அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள், அதன் செலவை முதலிலேயே தொகையில் சேர்த்துவிடுங்கள். பானட் வெற்றிப் படங்களில் விழும். இடப்பக்கம் எதிர்ப்புற நேர்பாதையில், தொலைவிலிருந்துதான் தெரியும், அதைக் குறைந்த விலைக்குக் கொடுக்கலாம். மண் டிராக்கில் சக்கரங்களுக்குப் பின்னாலுள்ள கீழ்ப்பகுதி நான்கைந்து சுற்றிலேயே களிமண்ணால் மூடிவிடும். எனவே சக்கர மையத்துக்கு மேலேதான் பெயர் இருக்க வேண்டும்.

எழுத்தின் அளவுக்குப் பலகை எழுதுபவர்களிடம் ஒரு கணக்கு உண்டு: வசதியாகப் படிக்க ஒவ்வொரு 10 அடித் தூரத்துக்கும் ஓர் அங்குல உயரம். மேடையிலிருந்து கார் 120 அடி தள்ளிப் போகிறது என்றால் 12 அங்குலம் வேண்டும், ஓடும் காருக்கு அதற்குக் குறைவாக வைத்துப் பயனில்லை. தொலைபேசி எண்ணை யாரும் குறித்துக்கொள்ளப் போவதில்லை. கடையின் பெயரும், என்ன தொழில் என்று சொல்லும் ஒரே சொல்லும் போதும். இருபது பேரிடம் சிறு சிறு தொகை வாங்கி இருபது பெயரை ஒட்டினால் ஒருவர் பெயரும் படிக்கக் கிடைக்காது, அடுத்த ஆண்டு இருபது பேருமே விலகுவார்கள். பெரிய பெயர் ஒன்று, நடுத்தரம் மூன்று, சிறியவை நான்கைந்து என்பதே ஒரு காருக்கு நிறைவு.

ஸ்டிக்கர் அச்சிடும் வினைல் தாளில், தட்டையான தகட்டுக்கு விலை குறைந்த காலண்டர்டு வகை தாங்கும். வளைந்த பிளாஸ்டிக் மூக்குப் பகுதிக்கு காஸ்ட் வினைல் வேண்டும், மற்றது சுருங்கி ஓரம் கிளம்பும். ஒட்டும் முன் ஐசோபுரொப்பில் ஆல்கஹாலால் துடையுங்கள். மெழுகோ எண்ணெயோ இருந்தால் ஒட்டாது. குளிரில் உறைந்த கொட்டகையில் ஒட்டினாலும் பசை பிடிக்காது. பிரஷர் வாஷரை ஸ்டிக்கரின் ஓரத்தில் பிடித்துக் கழுவினால் உரிந்து வந்துவிடும்.

ஒப்பந்தம் ஒரு பக்கம் இருந்தாலும் எழுத்தில் இருக்கட்டும், நண்பரோடு செய்தாலும் சரி. பணம் எந்தெந்தத் தேதியில் எத்தனைத் தவணையாக வரும் என்பது முக்கியம். மார்ச்சில் மொத்தமாக வாங்கி எஞ்சினில் போட்டுவிட்டு, ஜூலையில் டயருக்குக் காசில்லாமல் வீட்டில் நிற்கும் கார்கள் ஒவ்வொரு டிராக்கிலும் உண்டு. கார் நொறுங்கினாலோ மழையால் இரவுகள் ரத்தானாலோ மீதி என்னவாகும் என்று எழுதுங்கள். கடை வாசலில் கார் காட்சி, அடுத்த சீசனில் கூடுதல் இரவு என்று ஈடு சொல்லலாம். ஒரே தொழிலில் இருவரை ஏற்க மாட்டோம் என்பதையும் சேருங்கள். டிராக்குக்கே ஒரு டயர் நிறுவனமோ குளிர்பான நிறுவனமோ ஸ்பான்சராக இருந்தால் போட்டி நிறுவனப் பெயரைத் தடுக்கலாம், விதிப் புத்தகத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். சில மலிவுப் பிரிவுகளில் கிளெய்ம் விதி உண்டு: நிர்ணயித்த விலையைக் கொடுத்து எதிராளி உங்கள் எஞ்சினைக் கேட்டு வாங்கலாம். ஸ்பான்சர் ஆசையோடு விலையுயர்ந்த எஞ்சின் கொடுத்தால், அது ஒரே இரவில் வேறு காருக்குப் போகக்கூடும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நேர்மை.

கடை வாசலில் காரை நிறுத்துவது பந்தய இரவைவிடப் பலன் தரும் என்பது எங்கள் உறுதியான கருத்து. குழந்தைகள் வருவார்கள், அவர்களோடு பெற்றோரும் வருவார்கள். ஆனால் தயாரிப்பு வேண்டும். பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள், ஸ்டியரிங் வீலைக் கழற்றி வைத்துவிடுங்கள், எண்ணெய் சொட்டும் இடத்தில் தட்டு வையுங்கள், அன்று எஞ்சினை ஓட்டியிருந்தால் எக்ஸாஸ்ட் ஆறும் வரை யாரையும் அருகே விடாதீர்கள். சாதாரண வாகனக் காப்பீடு பந்தயக் காருக்கு உதவாது என்பதால், காட்சி நாளுக்கான பொறுப்புக் காப்பீடு யாருடையது என்று கடைக்காரரிடம் முன்பே கேளுங்கள்.

வரி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறோம். ஸ்பான்சர் தரும் பணம் நன்கொடை இல்லை, உங்களுக்கு வருமானம். பொருளாகத் தந்தாலும் அதன் சந்தை மதிப்பு கணக்கில் வரும். பந்தயம் பொழுதுபோக்காகக் கருதப்பட்டால், 2018 முதல் அந்தச் செலவுகளை வருமானத்தில் கழிக்க முடியாது. 5 ஆண்டில் 3 ஆண்டு லாபம் காட்டினால் அது தொழில் என்று அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ். பொதுவாக எடுத்துக்கொள்கிறது. கடைக்காரருக்கு 'விளம்பரச் சேவை' என்று தேதியோடு பில் கொடுங்கள், ஸ்டிக்கர் தெரியும் படத்தையும் சேருங்கள். அவருடைய கணக்காளர் கேட்பது அதைத்தான்.

ஸ்பான்சர் விலகுவது தோல்வியால் அரிதாகத்தான். அவருக்கு ஒரு தகவலும் வராததால்தான் விலகுகிறார். ஞாயிறோ திங்களோ இரண்டு படமும் நான்கு வரியும் அனுப்புங்கள், முதல் சுற்றிலேயே கார் நின்றுபோன வாரத்திலும் அனுப்புங்கள். பிட்டில் கைகலப்பில் இறங்கினால் அந்தக் காட்சி அவர் கடையின் பெயரோடுதான் பரவும் என்பதைக் குழுவினர் அனைவருக்கும் சொல்லி வையுங்கள். கடைசிப் பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்பாக, ஓடிய இரவுகள், முடித்த இடங்கள், கடை வாசல் காட்சிகள், படங்கள் எல்லாவற்றையும் ஒரு தொகுப்பாக்கி எடுத்துப் போய் அடுத்த ஆண்டைப் பற்றிப் பேசுங்கள்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். இத்தகைய உள்ளூர்ப் பந்தயங்களின் படங்கள் உங்கள் பக்கத்துக்கு வரும்போது, இடத்துக்காக ஓரத்தை வெட்ட நேர்ந்தால் காரின் பின்பக்கத் தகட்டை விட்டுவையுங்கள். அங்கே இருக்கும் பெயர்தான் அந்த இரவின் எரிபொருளுக்குப் பணம் கொடுத்தது.

இப்படிக்கு,
வார இறுதி ஸ்டாக் கார் குழுக்களில் பணிபுரியும் வாசகர்கள்