பாப்பாவுக்கு, எந்த ஹெலிகாப்டர் வாங்குவது என்று

சுங்கை சிப்புட்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். தலைகீழாகத் திரும்பி, புல்லை உரசுகிற மாதிரி போகிற அந்த ரிமோட் ஹெலிகாப்டர் எனக்கும் பிடித்திருக்கிறது. போனஸ் வந்திருக்கிறது, அதையே வாங்கிவிடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். இப்போது வேண்டாம் பாப்பா. காசுக்காகச் சொல்லவில்லை. எப்படி மேலே எழும்புகிறது என்பதைப் பார்த்துத்தான் ஹெலிகாப்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அளவும் விலையும் அப்புறம்தான்.

பசார் மாலாமில், இரவுச் சந்தையில், சின்னப் பிள்ளைகளுக்கு விற்கிறார்களே, அது பெரும்பாலும் கோஆக்சியல் வகை. இரண்டு ரோட்டார், அதாவது மேலே தூக்குகிற விசிறி, ஒன்றின்மேல் ஒன்றாக, எதிரெதிர்த் திசையில் சுற்றும். ஒன்றின் முறுக்கை இன்னொன்று சமன் செய்துவிடுவதால் உடம்பு சுற்றாது, கையை எடுத்தாலும் ஓரளவு தானே நிற்கும். ஆனால் லேசான காற்றே அதைத் தள்ளிக்கொண்டு போய்விடும். அண்ணன் மகனுக்கு வேண்டுமானால் ஒன்று வாங்கிக் கொடு. உனக்கு அது சீக்கிரமே அலுத்துவிடும்.

உனக்கு ஏற்றது ஃபிக்ஸட் பிட்ச். மேலே ஒரே ரோட்டார், பின்னால் வால் விசிறி, நான்கு சேனல், அதாவது ரிமோட்டில் நான்கு விதமாக இயக்கலாம். ரோட்டார் இறக்கையின் கோணம் மாறாது. மோட்டார் வேகமாகச் சுற்றினால் ஏறும், குறைந்தால் இறங்கும். உள்ளே கைரோ, அதாவது திரும்பாமல் சமன் செய்கிற கருவி, இருக்கிறதா என்று பார்த்து, உள்ளங்கையளவுக்குச் சின்னதாக வாங்கு. விழுந்தாலும் பெரிய சேதம் இருக்காது, எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி ஓட்டலாம்.

நீ காட்டியது கலெக்டிவ் பிட்ச். அதில் ரோட்டார் வேகம் ஏறக்குறைய ஒரே சீராக இருக்கும், சர்வோ என்கிற குட்டி மோட்டார்கள்தான் இறக்கையின் கோணத்தை மாற்றும். கோணத்தை எதிர்ப்பக்கம் சாய்த்தால் தலைகீழாகவும் பறக்கும். ரிமோட்டின் குச்சியை லேசாக நகர்த்தினாலே உடனே பாயும். யோசிக்க நேரம் கொடுக்காது. ஒரு முறை தரையில் மோதினால் இறக்கை உடையும், அதைத் தாங்கும் தண்டு வளையும், பெரிய பற்சக்கரத்தின் பல் உதிரும். பல் ஒன்றிரண்டு போனதைக் கண் சட்டென்று பிடிக்காது. ரோட்டாரைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார், ஒரே இடத்தில் கடக்கென்று தட்டும். பட்டறையில் காலம் கழித்தவன், அதனால் இந்த வேலை எனக்குப் பிடிக்கும். ஆனால் கற்றுக்கொள்ளும் காலத்தில் நீ ஓட்டும் நேரத்தைவிட ஸ்குரூ டிரைவர் பிடிக்கும் நேரம் அதிகமாகக் கூடாது.

ஒன்று தெரிந்துகொள். பெரியது என்றால் கடினம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பெரியதுதான் காற்றில் அசையாமல் நிற்கும், சின்னதுதான் துள்ளும். அதை நம்பி நேராகப் பெரியதை வாங்கிவிடாதே. 700 அளவு என்றால் ஒவ்வொரு இறக்கையும் 700 மில்லிமீட்டர். 2013இல் நியூயார்க்கில் 19 வயதுப் பையன் ஒருவன் தன் ஹெலிகாப்டரின் இறக்கை பட்டே இறந்துபோனான். இது கத்தி மாதிரியான பொருள், அம்மா. எந்த அளவாக இருந்தாலும் தள்ளி நின்று ஓட்டு, பக்கத்தில் பிள்ளைகளை விடாதே.

கலெக்டிவ் பிட்ச் ஆசையை முதலில் சிமுலேட்டரில், பறப்பதைக் கணினியில் பழகும் மென்பொருளில், தீர்த்துக்கொள். ரிமோட்டைக் கணினியில் சொருகி அதிலேயே ஓட்டலாம், எத்தனை முறை விழுந்தாலும் ஒரு வெள்ளி செலவில்லை. வால் உன் பக்கம் இருக்க அந்தரத்தில் நிறுத்து. அது கைவந்ததும் பக்கவாட்டில் நிறுத்து, கடைசியாக மூக்கு உன்னைப் பார்க்க. மூக்கு உன் பக்கம் திரும்பியதும் இடம் வலம் மாறிவிடும், அங்கேதான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். எந்தப் பக்கம் நகர்கிறதோ அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளு, நின்றுவிடும். இந்த மூன்றும் தடுமாறாமல் வந்துவிட்டால், நீ கேட்டதை வாங்க நானே பாதிக் காசு தருகிறேன்.

நீ இருக்கிற பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தை ஒட்டிய இடம். அங்கே வெளியில் அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாது, சட்டம் கடுமையானது. மற்ற இடங்களிலும் 400 அடி உயரத்துக்கு மேல் போகக் கூடாது. அதனால்தான் அறைக்குள் ஓட்டுகிற மாதிரி சின்னதாகச் சொல்கிறேன். வெளியில் ஓட்ட வேண்டுமென்றால் இங்கே வா. செம்பனைக் காட்டை ஒட்டிய திடலில் காலையில் காற்றே இருக்காது. மதியத்துக்கு மேல் மழை வந்துவிடும்.

வாங்கும்போது கடைக்காரரிடம் இறக்கையும் பற்சக்கரமும் தனியாகக் கிடைக்குமா என்று கேள். இல்லை என்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடு. த்ராட்டில், அதாவது ஏற்றி இறக்கும் குச்சி, இடது கையில் இருக்கிற மோட் 2 ரிமோட்டே வாங்கு, என்னுடையதும் அதுதான். அப்போதுதான் பக்கத்தில் நின்று நான் சொல்லித் தர முடியும்.

ஹெலிகாப்டரின் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியைத் தூங்கும்போது சார்ஜில் போடாதே. உப்பிப் போனதை உபயோகிக்காதே. இங்கே வரும்போது முழுதாக ஏற்றிக்கொண்டு வராதே, பேட்டரிக்குள் இருக்கிற ஒவ்வொரு செல்லுக்கும் 3.8 வோல்ட் அளவில் வைத்துக் கொண்டு வா. மீதியை நம் வீட்டு சார்ஜரில் ஏற்றிக்கொள்ளலாம்.

அன்புடன்,
அப்பா