உறுமுற நாயை அடிக்காதீங்க

ஆசிரியருக்கு வணக்கம். நாய்க்கடி பத்தி உங்க பேப்பர்ல வந்த கட்டுரைய படிச்சேன், "திடீர்னு கடிச்சிருச்சு"ன்னு அதுல ரெண்டு மூணு பேர் சொல்லியிருந்தாங்க, 30 வருஷத்துக்கு மேல நாய் ட்ரெய்னிங்கும் ரெஸ்க்யூவும் பண்றவன் நான், திடீர்னு கடிச்ச நாய அபூர்வமாத்தான் பாத்திருக்கேன்.

அது முன்னாடியே சொல்லிரும். மூஞ்சிய திருப்பிக்கும், உதட்ட நக்கும், கொட்டாவி விடும் (தூக்கம் இல்லைங்க, டென்ஷன்), கண்ணோரம் வெள்ளை தெரியும், உடம்பு அப்படியே கட்டை மாதிரி நிக்கும், அப்புறம்தான் உறுமும். நாம என்ன பண்றோம், உறுமினதுக்கு ஒரு அடி போடுறோம். அடி வாங்குன நாய்க்கு பயம் போகாது, உறுமுறது மட்டும் நின்னுடும், அடுத்த தடவ நேரா பல்லுதான். ஆரம்பத்துல நானும் சோக் செயின் (இழுத்தா கழுத்த இறுக்குற சங்கிலி) போட்டு இழுத்தவன்தான், இன்னிக்கு நினைச்சாலும் வெக்கமா இருக்கு.

ரெஸ்க்யூ பண்ணி கொண்டுவந்த ஒரு பொட்ட நாய், 11 நாள் கட்டிலுக்கு அடியில இருந்து வெளியவே வரல, சாப்பாடு கூட ராத்திரி யாரும் இல்லாதப்பதான். நான் தினமும் அதுக்கு முதுகை காட்டி தரையில உக்காந்து பேப்பர் படிப்பேன், கூப்பிடவே மாட்டேன். 12வது நாள் முழங்கைல ஈரமா ஒரு மூக்கு பட்டுச்சு. நான் திரும்பல.

குட்டி வளக்கிறவங்களுக்கு ஒண்ணு, பொறந்த 3வது வாரத்துல இருந்து 12, 14 வாரம் வரைக்கும்தான் புது ஆளு, புது சத்தம் எல்லாம் ஈஸியா பழகும், அத விட்டுட்டு அப்புறமா என்கிட்ட கூட்டிட்டு வராதீங்க. இதையும் ஒரு கட்டுரையா போடுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு நாய் ட்ரெய்னர்